பிக்கப்புக்கு சாலிட் முன் ஆக்சில்: ஸ்பிரிங்குக்கு முன்னால் ஸ்டீயரிங்

அமெரிக்காவில் பாறைப் பாதைகளில் வண்டி ஓட்டுபவர்களிடம் 1985 டொயோட்டா பிக்கப் விற்பனைக்கு இருக்கிறது என்று சொன்னால் போதும், உடனே விலை கேட்பார்கள். டொயோட்டா அங்கே நாலு சக்கர இழுவை பிக்கப்பை 1979 மாடலில் கொண்டுவந்தது. முன்னாலும் பின்னாலும் லீஃப் ஸ்பிரிங். முன் சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு ஹவுசிங் இணைக்கும் சாலிட் ஆக்சில். 1985-இல் அந்த ஆக்சிலோடு ஃபியூவல் இன்ஜெக்ஷன் வைத்த 22ஆர்ஈ எஞ்சினும் சேர்ந்தது. மறு வருஷமே, 1986 மாடலில், முன் ஆக்சில் போய்விட்டது. இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் ஐஎஃப்எஸ் அந்த இடத்துக்கு வந்தது. ஸ்பிரிங்கின் வேலையை டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பி எடுத்துக்கொண்டது. பழைய ஆக்சிலும் புதிய எஞ்சினும் ஒரே பிக்கப்பில் கம்பெனியிலிருந்தே வந்தது அந்த ஒரு வருஷம்தான்.

அது கிடைக்காதவர்கள் 1986 முதல் 1995 வரையிலான பிக்கப்பை வாங்கி, ஐஎஃப்எஸ்ஸை அறுத்து எடுத்துவிட்டு சாலிட் ஆக்சிலைப் பொருத்துகிறார்கள். பல வருஷமாக நடந்துவரும் வேலை இது. மார்லின் கிராலர், டிரெயில் கியர், ஆல் புரோ போன்ற கலிஃபோர்னியா கம்பெனிகள் இந்த வண்டிகளுக்கான பாகங்களிலேயே பெயர் எடுத்தவை. பாகங்களுக்குப் பஞ்சமில்லை. எதை எதோடு சேர்ப்பது என்பதில்தான் பணமும் மாதங்களும் வீணாகின்றன.

மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது லீஃபா, காயிலா என்று. வண்டி நன்றாகத் திரும்ப என்ன ஏற்பாடு என்பதை அதற்கும் முன்னால் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. முன் ஆக்சில் வண்டியின் கனத்தைத் தாங்கும்போதே திசையையும் திருப்புகிறது. பின் ஆக்சிலில் ஸ்பிரிங் சரியில்லை என்றால் உட்காருபவருக்குத்தான் கஷ்டம். முன் ஆக்சிலில் ஸ்பிரிங்கும் ஸ்டீயரிங்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால், நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். அதனால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே மற்ற எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கலாம்.

அதற்கு முன், ஏன் மாற்ற வேண்டும் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். கலிஃபோர்னியாவின் சியர்ரா நெவாடா மலையில் ரூபிகான் டிரெயில் என்று ஒரு பாதை உண்டு. 22 மைல் நீளம். பெரும்பகுதி கருங்கல் பாறைகள், வண்டி மனிதன் நடக்கும் வேகத்தில்தான் நகரும். அங்கே இடது முன் சக்கரம் ஒரு பாறைமேல் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலிட் ஆக்சில் காவடித் தண்டு போல வேலை செய்யும்: இடது பக்கம் ஏறினால் வலது பக்கத்தைக் கீழே அழுத்தும். வலது சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஐஎஃப்எஸ்ஸில் இந்த உதவி கிடையாது. ஏறிய சக்கரம் தன் ஸ்பிரிங்கை மட்டும் அமுக்கும். மற்ற சக்கரம் தன் கனத்தால் எவ்வளவு தொங்க முடியுமோ அவ்வளவுதான் தொங்கும்.

இன்னொரு வித்தியாசம் அடிப்பக்கத்தில். ஐஎஃப்எஸ்ஸில், எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு கட்டப்பட்டிருக்கிறது. வண்டி அமுங்கினால் அதுவும் சேர்ந்து இறங்கிப் பாறையைத் தேடிப் போகும். சாலிட் ஆக்சிலில் டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டயர் உயரமும் ஹவுசிங் அளவும் மட்டுமே தீர்மானிக்கின்றன. வண்டியில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும், எவ்வளவு குதித்தாலும் அது ஏறத்தாழ மாறாது. எந்தப் பாறையைத் தாண்டலாம், எதைச் சுற்றிப் போக வேண்டும் என்று ஓட்டுபவர் கண்ணாலேயே முடிவு செய்ய முடிகிறது.

டொயோட்டாவின் அந்தக் கால ஐஎஃப்எஸ்ஸுக்கென்று சில பலவீனங்களும் இருந்தன. உயரம் கூட்டுவதற்காக டார்ஷன் பாரை முறுக்கினால் சக்கரம் கீழே தொங்கும் தூரம் குறைந்துவிடும், டிரைவ் ஷாஃப்டின் சிவி ஜாயின்ட் சாய்ந்த கோணத்திலேயே சுற்ற வேண்டியிருக்கும். ஸ்டீயரிங்கில் உள்ள ஐட்லர் ஆர்ம் பெரிய டயரின் கனத்துக்கு வளைந்து கொடுத்து சீக்கிரம் தேய்ந்துபோகும். 33 அங்குல டயர் வரை இதையெல்லாம் சமாளிக்கலாம். 35 அங்குலம், கூடவே இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் லாக்கர் என்று போனால் ஒவ்வொரு பயணத்திலும் ஏதாவது ஒன்று உடைய வாய்ப்பு அதிகம்.

இதை வைத்து ஐஎஃப்எஸ் மட்டமானது என்று முடிவுகட்டக் கூடாது. மணல், சரளைக்கல், அலை அலையான மண் ரோடு ஆகியவற்றில் வேகமாகப் போகிறவருக்கு ஐஎஃப்எஸ்தான் நல்லது. சாலிட் ஆக்சிலில் ஹவுசிங், டிஃபரன்ஷியல், சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிள் எல்லாம் சேர்ந்து சக்கரத்தோடு ஏறி இறங்க வேண்டும். அவ்வளவு இரும்பையும் ஒரு நொடிக்குள் பலமுறை மேலும் கீழும் அடக்கி ஆள ஷாக் அப்சார்பர் திணறும். பாஹா பாலைவனப் பந்தயத்தில் ஓடும் டிராஃபி டிரக்குகளுக்கு முன்னால் தனித்தனிச் சஸ்பென்ஷன் இருப்பது இதனால்தான். 2007-இல் ஜான்சன் பள்ளத்தாக்கில் தொடங்கிய கிங் ஆஃப் தி ஹாமர்ஸ் பந்தயத்தில் பாறையும் உண்டு, பாலைவன வேகமும் உண்டு. அங்கே சாலிட் ஆக்சில் வண்டிகளோடு ஐஎஃப்எஸ் வண்டிகளும் போட்டியிட்டு ஜெயித்திருக்கின்றன. உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலை, மீதி மண் ரோடு என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். நல்ல ஷாக்கும், பின்னால் ஒரு லாக்கரும் போட்டால் செலவு குறைவு, பலன் அதிகம்.

பாறைதான் என் பாதை என்பவர்களுக்கு இனி ஸ்டீயரிங்.

1979 முதல் 1985 வரையிலான டொயோட்டாவில் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து நீளும் கையான பிட்மன் ஆர்ம் முன்னும் பின்னுமாக அசையும். அதோடு இணைந்த டிராக் லிங்க் என்கிற கம்பி சேஸிஸின் நீளவாக்கில் ஓடி நக்கிளைத் தள்ளும், இழுக்கும். லீஃப் ஸ்பிரிங் அமுங்கி ஆக்சில் முன்னே பின்னே நகரும் ஒவ்வொரு முறையும் அந்த லிங்க் சக்கரத்தைத் திருப்பிவிடும். ஓட்டுபவர் கையை அசைக்காமலேயே வண்டி திரும்பும் இந்தக் கோளாறுக்கு பம்ப் ஸ்டீயர் என்று பெயர். 1986-க்குப் பிந்தைய ஐஎஃப்எஸ் வண்டியின் பாக்ஸில் பிட்மன் ஆர்ம் பக்கவாட்டில் அசைகிறது. சாலிட் ஆக்சிலுக்குத் தேவையான, டிராக் லிங்க் வண்டியின் குறுக்கே ஓடும் குறுக்கு ஸ்டீயரிங்குக்கு அதுதான் பொருத்தம். பழைய சாலிட் ஆக்சில் வண்டி வைத்திருப்பவர்களே இந்த பாக்ஸைத் தேடி வாங்கி மாட்டுவது வழக்கம். ஆக, 1986–95 வண்டியை மாற்றுபவரிடம் சரியான பாக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. பிட்மன் ஆர்மை மட்டும் மாற்றினால் பல சமயம் வேலை முடிந்துவிடும். ஆக்சிலை முன்னால் தள்ளி வைத்தால் பாக்ஸையும் முன்னால் நகர்த்த வேண்டிவரும்.

1995-இன் நடுவில் வந்த டகோமாவில் கதை வேறு. அதில் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். ரேக் என்கிற பல் வெட்டிய கம்பி சேஸிஸோடு கட்டப்பட்டிருக்கும், சாலிட் ஆக்சிலோ மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். இரண்டையும் நேரடியாக இணைக்க முடியாது. வேறு வண்டியின் பாக்ஸை வாங்கி, அதைப் பிடிக்க சேஸிஸில் தகடு வெல்டிங் செய்து, ஸ்டீயரிங் தண்டையும் பவர் ஸ்டீயரிங் ஹோஸையும் புதிதாக இழுக்க வேண்டும். ஒரே கம்பெனியின் அடுத்தடுத்த இரண்டு பிக்கப்புகளில் ஒன்று சுலபமாகவும் மற்றது கடினமாகவும் இருப்பதற்கு ஆக்சிலைவிட ஸ்டீயரிங்தான் முக்கியக் காரணம். வண்டி வாங்கும்போதே இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பாக்ஸ் கிடைத்துவிட்டது, அடுத்தது டிராக் லிங்கின் சரிவு. இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிங்கின் நீளம் 36 அங்குலம். அது தரைக்கு இணையாகப் படுத்திருக்கும்போது ஆக்சில் 3 அங்குலம் மேலே வந்தால், லிங்கின் முனை பக்கவாட்டில் நகரும் தூரம் ஏறத்தாழ 0.125 அங்குலம். கையில் தெரியவே தெரியாது. அதே லிங்க் பாக்ஸிலிருந்து நக்கிள் வரை 8 அங்குலம் சரிந்து இறங்குகிறது என்றால், அதே 3 அங்குல அசைவுக்கு முனை 0.55 அங்குலம் நகர்கிறது. நாலு மடங்குக்கும் மேல். வண்டியை உயர்த்த உயர்த்த பாக்ஸ் மேலே போகிறது, நக்கிள் கீழேயே நிற்கிறது, லிங்க் செங்குத்தாகிக்கொண்டே போகிறது. உயரம் கூட்டிய பல வண்டிகள் ரோட்டில் தள்ளாடுவது இதனால்தான். ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

லிங்கைப் படுக்கவைக்க டொயோட்டா ஆக்சிலில் ஓர் அருமையான வழி இருக்கிறது. நக்கிளின் மேல்மூடி நாலு ஸ்டட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். அந்த மூடியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் நீளமான ஸ்டீயரிங் ஆர்மைப் பொருத்தலாம். இதை ஹை ஸ்டீயர் என்கிறார்கள். இரண்டு நக்கிளையும் இணைக்கும் டை ராடும் டிராக் லிங்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கு மேலே வந்துவிடும். சரிவு குறையும், பாறை டை ராடை வளைக்கும் ஆபத்தும் போகும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பெரிய டயரைத் திருப்பும் முழு விசையும் இப்போது அந்த நாலு ஸ்டட்டுகளில் இறங்குகிறது. பழைய ஸ்டட்டையே வைத்து ஓட்டினால் அது தளர்ந்து, பிறகு ஒடியும். வலுவான புதிய ஸ்டட் போட்டு, முதல் சில பயணங்களுக்குப் பிறகு கட்டாயம் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி லீஃபா, காயிலா என்ற கேள்விக்கு வரலாம்.

லீஃப் ஸ்பிரிங்கின் பெரிய குணம், அது இரண்டு வேலையைத் தனியாளாகச் செய்வது. கனத்தைத் தாங்குகிறது, ஆக்சிலையும் அதன் இடத்தில் பிடித்துவைக்கிறது. பக்கவாட்டில் ஆக்சில் நகராமல் பார்க்க வேறு கம்பி வேண்டாம். ஆக்சில் கிட்டத்தட்ட நேராக மேலும் கீழும் போவதால், மேலே சொன்ன மாதிரி டிராக் லிங்க் படுத்திருந்தாலே ஸ்டீயரிங் சரியாகிவிடும். சேஸிஸில் வெல்டிங் செய்ய வேண்டியது ஸ்பிரிங் முனையை அசையாமல் பிடிக்கும் ஹேங்கர் முன்பக்கம், மறுமுனை முன்னும் பின்னும் ஆட இடம் தரும் ஷாக்கிள் பின்பக்கம், ஷாக் அப்சார்பருக்கான பிராக்கெட், இவ்வளவுதான். அளவு ஓரிரு மில்லிமீட்டர் தவறினாலும் பெரிய விபரீதம் வராது. மலையில் ஒரு பட்டை உடைந்தாலும் மெதுவாக ஓட்டிக்கொண்டு இறங்கிவிடலாம்.

ஷாக்கிளை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் மட்டும் யோசனை தேவை. ஸ்பிரிங் அமுங்கும்போது நீளும், ஷாக்கிள் இருக்கும் பக்கம் ஆக்சில் நகரும். ஷாக்கிள் பின்னால் இருந்தால், மேட்டில் மோதும் சக்கரம் பின்னால் விலகிக்கொடுக்கும். ஓட்டம் மென்மையாக இருக்கும், பிரேக் பிடிக்கும்போதும் நிதானம் இருக்கும். முன் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கி ஆக்சில் வருவதால், முன் ஷாஃப்டில் நீண்டு குறுகும் மூட்டான ஸ்லிப் யோக் தாராளமாக உள்ளே போய்வர இடம் வேண்டும். ஷாக்கிள் முன்னால் இருந்தால் சக்கரம் மேட்டுக்குள் போய் முட்டும். பிக்கப்புக்கு நான் பின்பக்க ஷாக்கிளைத்தான் சொல்வேன், ரோட்டிலும் ஓட்டுகிற வண்டி என்றால் இன்னும் உறுதியாகச் சொல்வேன்.

லீஃபின் குறைகளும் தெரிந்தவைதான். தடித்த பட்டைகள் குறைவாக வைத்த ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். மெல்லிய பட்டைகள் பல வைத்தால் நன்றாக வளைந்துகொடுக்கும். செங்குத்தான பாறையில் முறுக்குவிசை ஏறும்போது ஸ்பிரிங்கே வளைந்து ஆக்சில் துள்ளும். பணம் குறைவாக இருப்பவர்கள் 1986–95 பிக்கப்பின் பின் ஸ்பிரிங்கையே முன்னால் போட்டுப் பார்த்தார்கள். நீளமானது, மென்மையானது, பழைய இரும்புக் கடையில் கிடைப்பது. அந்த ஏற்பாடு அங்கே நன்றாகவே பரவிவிட்டது. விலையுயர்ந்த காயில் சஸ்பென்ஷன் வண்டிகளோடு சேர்ந்து அதுவும் ரூபிகானைத் தாண்டுகிறது.

காயில் ஸ்பிரிங்குக்கு அந்த இரட்டை வேலை தெரியாது. கனத்தை மட்டும் தாங்கும். ஆக்சிலைப் பிடித்துவைக்கத் தனியாகக் கம்பிகள் வேண்டும். எளிய வழி ரேடியஸ் ஆர்ம்: பக்கத்துக்கு ஒரு பெரிய கை, ஆக்சிலில் இரண்டு புஷ் (ரப்பர் உறை), சேஸிஸில் ஒரு புஷ். லேண்ட் குரூசர் 80, 2005-க்குப் பிந்தைய ஃபோர்டு சூப்பர் டூட்டி எல்லாவற்றிலும் முன்னால் இதுதான். ரோட்டில் உறுதியாக இருக்கும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும்போது மட்டும் இரண்டு கைகளும் ஆக்சிலை எதிரெதிராக முறுக்கப் பார்க்கும். அந்த முறுக்கை புஷ்கள் வாங்கிக்கொள்ள வேண்டும், அதனால் வளைவுக்கு ஒரு எல்லை உண்டு.

அந்த எல்லை வேண்டாம் என்பவர்கள் மூன்று லிங்க் வைக்கிறார்கள். கீழே இரண்டு, மேலே ஒன்று, பக்கவாட்டுக்கு ஒரு பான்ஹார்ட் ராட். இங்கேதான் ஸ்டீயரிங் மறுபடி குறுக்கே வருகிறது. பான்ஹார்ட் ராட் சேஸிஸில் ஒரு முனையும் ஆக்சிலில் மறுமுனையுமாக இருப்பதால், ஆக்சில் ஏறும்போது அது ஒரு வளைவில் பக்கவாட்டாக நகரும். டிராக் லிங்கும் அதே நீளத்தில், அதே சரிவில் இருந்தால் இரண்டும் ஒன்றாக நகர்ந்து சக்கரம் திரும்பாமல் இருக்கும். சரிவு வேறுபட்டால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் கையில் அடிக்கும். ஆக பான்ஹார்ட் ராடை எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைக்க முடியாது, டிராக் லிங்க் சொல்லும் இடத்தில்தான் வைக்க வேண்டும். அந்த இடத்தில் எஞ்சினின் ஆயில் சம்ப் இருக்கும், அல்லது டிஃபரன்ஷியலின் தலை இருக்கும். மூன்று லிங்க் வேலையின் பாதி நேரம் இந்த இடச்சண்டையில்தான் போகிறது. பான்ஹார்டே வேண்டாம் என்று நாலு லிங்கை முக்கோணமாக வைப்பவர்களும் உண்டு. சாதாரண பாக்ஸ் ஸ்டீயரிங்கோடு அது ஒத்துப்போகாது. முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங்குக்குப் போக வேண்டும்; அதில் ஸ்டீயரிங் வீலுக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பே இருக்காது. பொது ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

மேல் லிங்குக்கும் கீழ் லிங்குக்கும் ஆக்சிலில் உள்ள செங்குத்து இடைவெளியும் முக்கியம். டயர் உயரத்தில் கால்வாசி என்பது பட்டறைகளில் புழங்கும் கணக்கு, 35 அங்குல டயருக்கு ஏறத்தாழ 9 அங்குலம். இடைவெளி குறைந்தால் பிரேக் பிடிக்கும்போது மேல் லிங்கில் இறங்கும் விசை பல மடங்கு ஏறி, ஜாயின்டும் பிராக்கெட்டும் கிழியும்.

என் முடிவு இது: 35 அங்குல டயர், வார நாளில் ரோடு, விடுமுறையில் பாறை என்று ஓடும் பிக்கப்புக்கு லீஃப் ஸ்பிரிங் போதும். போதும் என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்த வண்டிக்கு அதுதான் சரி. பாதி செலவில் முடித்துவிட்டு மிச்சப் பணத்தை லாக்கருக்கும் கியருக்கும் கொடுக்கலாம். வேகமும் வேண்டும், பாறையும் வேண்டும், வெல்டிங் தெரிந்த நண்பரும் ஒரு வருஷப் பொறுமையும் இருக்கிறது என்றால் மூன்று லிங்க் போடுங்கள். நடுவில் ரேடியஸ் ஆர்ம், அதுவும் லேண்ட் குரூசர் 80 ஆக்சிலைத்தான் வாங்குகிறீர்கள் என்றால்.

எந்த ஆக்சில் என்பதை டயர்தான் சொல்லும். பழைய டொயோட்டா முன் ஆக்சிலின் டிஃபரன்ஷியலில் 8 அங்குல ரிங் கியர் என்கிற பெரிய பல்சக்கரம். அது இருக்கும் கியர் பெட்டியை மொத்தமாக முன்னால் உருவி எடுத்து மாற்றலாம், பின் ஆக்சிலின் 8 அங்குலப் பெட்டியும் அதில் பொருந்தும். சக்கரம் திரும்பும் இடத்தில், ஷாஃப்டை வளைந்தபடி சுற்றவிடும் பர்ஃபீல்ட் ஜாயின்ட். கம்பெனி பர்ஃபீல்ட், லாக்கரோடு 35 அங்குல டயரை முழுத் திருப்பத்தில் வைத்து முடுக்கினால் உடைந்துவிடும். குரோமோலி எஃகில் செய்த பர்ஃபீல்டும் ஷாஃப்டும் போட்டால் அந்தக் கவலை பெருமளவு போகிறது. இன்னொரு பழைய தொல்லை, உள் ஆயில் சீல் தேய்ந்தால் கியர் ஆயில் நக்கிளுக்குள் புகுந்து கிரீஸோடு கலந்து வெளியே வழியும். ஆக்சிலை வண்டியில் ஏற்றும் முன் எல்லா சீலையும் பேரிங்கையும் மாற்றிவிடுவது நல்லது, பிறகு கழற்றுவது அழுக்கு வேலை.

இந்த ஆக்சிலின் உண்மையான குறை, ரிங் கியரைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியன் கீழே இருப்பது. பின் ஆக்சிலுக்காக வெட்டிய பற்களை முன்னால் போட்டால், வண்டி முன்னோக்கிப் போகும்போது பற்களின் பலவீனமான பக்கத்தில் விசை விழும். லேண்ட் குரூசர் 80-இன் முன் கியர் பெட்டியில் பினியன் மேலே இருக்கிறது, பற்களும் முன் ஆக்சிலுக்கென்றே எதிர்ப்பக்கமாக வெட்டியவை. அந்தப் பெட்டியைக் கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்து பிக்கப் ஹவுசிங்கில் உட்காரவைக்கிறார்கள். ஷாஃப்ட் பாறையிலிருந்து மேலே போகிறது, சாய்வும் குறைகிறது. இந்தச் செலவு முழுக்க முழுக்கத் தகும்.

அந்தச் சாய்வு ஸ்டீயரிங்கையும் தொடுகிறது. நக்கிள் எவ்வளவு பின்னே சாய்ந்திருக்கிறது என்பதுதான் காஸ்டர் கோணம். அது போதுமான அளவு இருந்தால்தான் திரும்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும். பெரிய டயர் வண்டிகளுக்கு 5 டிகிரியை ஒட்டி வைப்பது வழக்கம். பினியனை ஷாஃப்டை நோக்கி மேலே தூக்க ஆக்சிலைச் சுழற்றினால் காஸ்டர் குறையும். காஸ்டருக்காகச் சுழற்றினால் பினியன் தரையைப் பார்க்கும். உயரம் அதிகமானால் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். இரண்டும் வேண்டும் என்றால் ஹவுசிங்கிலிருந்து நக்கிள் உருண்டையை வெட்டி, கோணம் திருப்பி, மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும். பினியன் மேலே உள்ள பெட்டியும் குறைந்த உயரமும் இந்தச் சிக்கலை முளையிலேயே கிள்ளிவிடும்.

37 அங்குலத்துக்கு மேல் போகிறவர்கள் டானா 60 என்கிற கனமான ஆக்சில் பக்கம் போகிறார்கள். 9.75 அங்குல ரிங் கியர், 35 ஸ்பிளைன் ஷாஃப்ட். 1991 வரை வந்த, நக்கிள் தடித்த கம்பியில் திரும்பும் கிங் பின் வகைக்கு மவுசு அதிகம். டொயோட்டாவின் பழைய டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் ஷாஃப்ட் வலது பக்கம் வெளியே வருகிறது. ஷெவர்லே ஒரு டன் பிக்கப்பிலிருந்து எடுத்த பழைய டானா 60-இலும் டிஃபரன்ஷியல் வலது பக்கம். ஃபோர்டுக்கு இடது பக்கம். இதைப் பார்க்காமல் மலிவு என்று வாங்கினால் அந்த ஆக்சில் தோட்டத்தில்தான் கிடக்கும். இருநூறு கிலோவுக்கு மேல் கனம், எட்டு போல்ட் சக்கரம், பெரிய ஹவுசிங். டொயோட்டா ரிங் கியரைவிட ஆரம் 0.9 அங்குலம் அதிகம். 35 டயரிலிருந்து 37-க்குப் போனால் கூடும் தரை இடைவெளி 1 அங்குலம். புதிய டயர் கொடுத்ததைப் பெரிய ஹவுசிங் ஏறக்குறைய முழுவதும் எடுத்துக்கொள்கிறது. வண்டி உண்மையிலேயே ஆக்சிலை உடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இதற்குப் போக வேண்டும்.

அகலத்தையும் மறக்கக் கூடாது. 1986-இல் ஐஎஃப்எஸ் வந்தபோது பின் ஆக்சிலும் ஏறத்தாழ 3 அங்குலம் அகலமானது. பழைய முன் ஆக்சிலை அப்படியே போட்டால் முன் சக்கரங்கள் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் உள்ளே நிற்கும். ஐஎஃப்எஸ் வண்டியின் ஹப்பையே பழைய ஆக்சிலில் பொருத்தினால் அந்த ஒன்றரை அங்குலம் திரும்பக் கிடைக்கிறது. கியர் விகிதம் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும். 28 அங்குல டயரோடு 4.10 விகிதத்தில் ஓடிய வண்டிக்கு 35 போட்டால் பழைய இழுவை கிடைக்க 5.12 வேண்டும், கடையில் கிடைப்பது 4.88-உம் 5.29-உம். பாறைக்கு 5.29.

பிரேக்கில் பலர் கவனிக்காத ஒன்று, பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியால் இணைத்த வால்வு. பாரம் எவ்வளவு என்று பார்த்து பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. முன்னுக்குச் சமமாகப் பின்பக்கத்தையும் உயர்த்தியதும் அந்த வால்வு வண்டி காலியாக இருப்பதாக நினைத்து பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பெரிய டயரோடு பிரேக் பலவீனமாகத் தெரிந்தால் முதலில் அதன் பிராக்கெட்டை உயர்த்திப் பாருங்கள்.

இந்தியாவில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிப்ஸியில் கம்பெனியே சாலிட் முன் ஆக்சிலைத் தந்தது. 2010-இல் வந்த மஹிந்திரா தார் சிஆர்டிஈ-யில் முன்னால் ஐஎஃப்எஸ். அதை சாலிட் ஆக்சிலுக்கு மாற்றுபவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகிவிடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அப்படி மாற்றிய வண்டி பொது ரோட்டில் விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸும் கைவிரிக்கலாம். தனியார் நிலத்தில் நடக்கும் ஓட்டங்களுக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதே பாதுகாப்பு.

கடைசியாக வெல்டிங். ஐஎஃப்எஸ் பிராக்கெட்டுகளை அறுத்து எடுத்த பிறகு சேஸிஸின் அந்தப் பகுதி புதிய இடத்தில் புதிய விசையைத் தாங்கப் போகிறது. ஸ்பிரிங் ஹேங்கர் சேஸிஸின் முன்நுனியில் உட்காருவதால் இரண்டு நுனியையும் ஒரு குறுக்குக் குழாயால் இணைக்க வேண்டும். ஸ்டீயரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடத்துக்கும் தகடு வைக்க வேண்டும். பெரிய டயரின் விசையில் முதலில் விரிசல் விடுவது அந்த இடம்தான். எதையும் முழுதாக வெல்டிங் செய்யும் முன் பொட்டு பொட்டாக மட்டும் பிடித்துவிட்டு, லீஃப் என்றால் ஒரே ஒரு பட்டையோடும் காயில் என்றால் ஸ்பிரிங் இல்லாமலும் ஆக்சிலை ஜாக்கியால் முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். டிராக் லிங்க் சம்ப்பை இடிக்கிறதா, டயர் ஸ்பிரிங்கை உரசுகிறதா, ஸ்லிப் யோக் முட்டுகிறதா அல்லது வெளியே வந்துவிடுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். ஆக்சில் மேலே வருவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப்பின் உயரத்தை அந்தச் சோதனையில் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஷாக் அப்சார்பரின் நீளத்தை முடிவு செய்யுங்கள். ஷாக்கை முதலில் வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுக்கத்தான் நேரம் போகும்.